நூறு வருஷத் தீட்டு

ஒரு பொருள் எப்போது பழம்பொருள் ஆகும் என்பதற்கு இந்திய அரசு வயது குறித்து வைத்திருக்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டம் 1976 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. சிற்பமோ, ஓவியமோ, மரவேலையோ 100 வருஷம் ஆகியிருக்க வேண்டும். கையெழுத்துப் படி என்றால் 75 வருஷம் போதும். எழுதி வைத்தது சீக்கிரம் பழசாகிவிடும். ஆடியது பழசாக இன்னும் 25 வருஷம் பிடிக்கும். இந்த நாட்டில் எழுதியவன் யார், ஆடியவன் யார் என்று தெரிந்தவர்களுக்கு அந்த 25 வருஷத்தின் கணக்கு சொல்லாமலே புரியும்.

சட்டத்தில் எழுதாத இன்னொரு கணக்கும் இருக்கிறது. 100 வருஷம் போனால் பொருளின் தீட்டு கழிந்துவிடும். சேரிக்காரன் தலையில் கட்டி ஆடிய கிரீடத்தை அன்றைக்கு ஊர்த்தெருத் திண்ணையில் இறக்கி வைக்க விட்டிருக்க மாட்டார்கள். இன்று அதே கிரீடம் கடற்கரைப் பக்கம் குளிர்பதன அறையில், மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில், கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது. பொருளுக்குத் தீட்டு போச்சு. ஆளுக்கு? ஆடியவனின் பேரன் அந்த அறை வாசலில் நின்றால் “என்னா வேணும்?” என்று கேட்கத்தான் ஒரு காவலாளியைச் சம்பளம் கொடுத்து நிறுத்தியிருக்கிறார்கள்.

பசிபிக் தீவுகளின் மர முகமூடிகளைச் சேகரிப்பவர்களைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன். வெண்மணியும் மேலவளவும் எழுதித் தீர்ந்துவிட்டதா, பணக்காரன் பொழுதுபோக்கு நமக்கு எதற்கு என்று சில தோழர்கள் முகம் சுளிக்கலாம். அந்த முகமூடிக்குப் பக்கத்து ஆணியில்தான் தோழர்களே நம் பொருள் தொங்குகிறது. ஒரே சுவர், ஒரே விளக்கு, ஒரே விலைச்சீட்டு.

புதுச்சேரியைத் தெரிந்தவர்களுக்குப் பெரிய வாய்க்காலைத் தெரியும். கிழக்கே வெள்ளை நகரம், மேற்கே கறுப்பு நகரம் என்று பிரெஞ்சுக்காரன் பிரித்தான். சேரி இந்த இரண்டு நகரத்திலும் சேர்த்தியில்லை என்பது வேறு விஷயம். கிழக்கே இருந்த பழைய வீடுகள் பல இன்று தங்கும் விடுதிகள். அப்படி ஒரு விடுதி எங்கள் வங்கியில் கடன் கேட்டிருந்தது. ஆய்வுக்குப் போன மேலாளரோடு ஃபைலைத் தூக்கிக்கொண்டு குமாஸ்தாவாகிய நானும் போனேன். கூடத்துச் சுவர் முழுக்க முகங்கள். நியூகினி என்றார் உரிமையாளர், நியூ அயர்லாந்து என்றார், பாலி என்றார். நடுவில் ஒரு கூத்துக் கிரீடம், கண்ணாடிச் சில்லு பாதி உதிர்ந்தது. அதற்குக் கீழே கோரைப்பல்லும் மீசையுமாக ஒரு போத்தராசா முகம், திரௌபதை அம்மன் கோயில் வாசலில் நிற்பாரே, அவர். “தொட்டுப் பாருங்க சார், ஒண்ணும் ஆகாது” என்றார் உரிமையாளர். மேலாளர் போத்தராசாவின் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். பர்மா தேக்கா என்று கேட்டார்.

தொட்டால் ஒன்றும் ஆகாதாம். புதுச்சேரியிலிருந்து பஸ் ஏறிப் போகிற தூரத்தில், விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில், இதே திரௌபதை அம்மனின் கோயிலுக்குள் 2023 ஏப்ரலில் நம் பையன்கள் போனார்கள். அடித்தார்கள். ஜூனில் கோயிலுக்கு அதிகாரிகள் சீல் வைத்தார்கள். 2024 மார்ச்சில் நீதிமன்ற உத்தரவின் பேரில் கதவு திறந்தது, பூசாரி பூசை செய்வதற்கு மட்டும். நம் சனங்கள் போலீஸ் காவலோடு உள்ளே போய்க் கும்பிட 2025 ஏப்ரல் ஆயிற்று. இத்தனைக்கும் உள்ளே போய்ச் சாமியைத் தொடவா கேட்டார்கள்? நின்று பார்க்கக் கேட்டார்கள். அதற்கு இரண்டு வருஷம், ஒரு சீல், ஒரு நீதிமன்றம், ஒரு லாரி போலீஸ். இங்கே ஒரு கிரெடிட் கார்டு இருந்தால் சாமி கன்னத்தைத் தடவலாம், மூட்டை கட்டி எடுத்துக்கொண்டும் போகலாம். சாதி இந்துவின் புனிதமும் சேகரிப்பாளனின் அழகியலும் வேறு வேறு என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு வாசலிலும் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். இரண்டும் பொருளை வைத்துக்கொண்டு ஆளை வெளியே நிறுத்துகிற ஏற்பாடுதான்.

சரி, அந்தத் தீவு முகங்கள் என்ன, யாருடையவை? நியூ அயர்லாந்து என்பது பாப்புவா நியூகினியைச் சேர்ந்த தீவு. அங்கே மலங்கான் என்று ஒரு சாவுச் சடங்கு. செத்தவர்களுக்காகச் செதுக்குவார்கள், மாதக்கணக்கில். மீன், பறவை, பாம்பு எல்லாம் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கிற வேலைப்பாடு. சடங்கு முடிந்ததும் எரிப்பார்கள், அல்லது மழையில் மக்கட்டும் என்று விட்டுவிடுவார்கள். நம்ம ஊர்ப் பாடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடையை யாராவது பத்திரப்படுத்துவார்களா? 1880களில் தொடங்கி முதல் உலகப்போர் வரை அந்தத் தீவு ஜெர்மனியின் கையில் இருந்தது. மக்க வேண்டியதெல்லாம் கப்பல் ஏறியது. தீவுக்காரர்களும் விற்கத்தான் செய்தார்கள், எப்படியும் எரிக்கப் போவதுதானே என்று. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் எரிப்பதற்காகச் செய்ததை எரியவிடாமல் வைத்திருப்பதற்குப் பெயர் பாதுகாப்பா? சாவு முடியாமல் நிற்கிற வீடு மாதிரி இருக்கிறது.

நியூ கலிடோனியா நமக்கு இன்னும் பக்கம். தூரத்தில் இல்லை, எசமானன் கணக்கில். 1853இல் பிரான்ஸ் அதைப் பிடித்தது. அந்த மண்ணின் மக்கள் கனாக்கியர். அவர்களுடைய முகமூடிக்குப் பெரிய மூக்கு, கறுப்பு மரம், தலையிலும் தாடியிலும் அசல் மனித மயிர். இழவு காத்தவர்கள் துக்க காலம் முழுக்க வளர்த்து, முடிந்ததும் வெட்டிய மயிர் அது. பாரிஸ் ஏலத்தில் அதை ‘கலப்புப் பொருள்’ என்று எழுதுவார்கள் போலும். 1878இல் நிலத்தைப் பறித்ததற்கு எதிராகக் கலகம் செய்த தலைவர் அத்தாய். அவரைக் கொன்று தலையை வெட்டி பாரிசுக்கு அனுப்பினார்கள். மானுடவியல் ஆராய்ச்சிக்காம். அலமாரியில் எங்கோ காணாமல்போய் 2011இல் கிடைத்தது. 2014 ஆகஸ்ட் 28 அன்று அவர் வழிவந்தவர்களிடம் கொடுத்தார்கள். 136 வருஷம். 1931இல் பாரிசில் காலனியக் கண்காட்சி நடந்தபோது கனாக்கியரை ‘நரமாமிசம் தின்பவர்கள்’ என்று வேலிக்குள் நிறுத்திக் காட்டினார்கள். அவர்களில் ஒரு பகுதியினரை ஜெர்மனிக்கு அனுப்பி, மாற்றாக முதலைகளை வாங்கிக்கொண்டார்கள். அதே கண்காட்சியில் புதுச்சேரி உள்ளிட்ட பிரெஞ்சிந்தியாவுக்கும் ஒரு மண்டபம் இருந்தது. ஆளுக்கு முதலை என்று கணக்கு போட்ட அதே நாட்டு மக்கள் முகமூடிக்கு மட்டும் உருகினார்கள். ஓவியர்களும் கவிஞர்களும் வரிசையில் நின்று வாங்கினார்கள். ஆந்த்ரே பிரெத்தோன் வீட்டுச் சுவர் பிரசித்தம். காலனியத்தை எதிர்த்து அறிக்கை எழுதியவர்தான் அவர், அதுவும் அந்த 1931 கண்காட்சியையே எதிர்த்து. நானும் கவிதை எழுதுகிறவன் என்பதால் சொல்கிறேன், கவிஞன் என்றால் சும்மா விட்டுவிட வேண்டியதில்லை.

அத்தாயின் தலை திரும்பி எட்டு நாள் கழித்து, 2014 செப்டம்பர் 5இல், டெல்லியில் இன்னொன்று திரும்பியது. ஸ்ரீபுரந்தான் நடராஜர். ஆஸ்திரேலிய தேசியக் காட்சியகம் 2008இல் 50 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியதை அந்த நாட்டுப் பிரதமரே கொண்டுவந்து நம் பிரதமர் கையில் கொடுத்தார். திருட்டை நிரூபிக்க உதவியவற்றில் நம்மூர் பிரெஞ்சு நிறுவனத்தின் பழைய புகைப்படங்களும் உண்டு. திருடியதைத் திருப்பித் தர வேண்டியதுதான், அதில் எனக்குச் சண்டையில்லை. ஆனால் அதற்குப் பிறகு ‘நம் சாமிகளை மீட்போம்’ என்று மேடைதோறும் கேட்கிறதே, அந்த ‘நம்’முக்குள் யார் யார்? கழுவேற்றப்பட்ட காத்தவராயன் வருவாரா? மாறுகால் மாறுகை வாங்கப்பட்ட மதுரைவீரன் வருவாரா? இவர்கள் சாமியானதே சாதி மீறியதற்காகக் கொல்லப்பட்டதால்தான். பலிகொடுக்கப்பட்ட அரவானின் தலையைக் கூவாகத்திலும் சுற்று ஊர்களிலும் மரத்தில் செதுக்கி வைத்துச் சித்திரை மாதம் அழுகிறார்கள். அப்படி ஒரு அரவான் தலை சிங்கப்பூர் ஆசிய நாகரிகங்கள் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு இருக்கிறது. கனாக்கியனின் தலை ஆராய்ச்சிப் பொருள், நம்முடைய கொலையுண்டவர்களின் தலை கலைப்பொருள்.

இந்த வியாபாரத்தில் ஒரு சொல் உண்டு. ‘ஆடிய முகம்.’ சடங்கில் உண்மையாகவே கட்டி ஆடியிருக்க வேண்டும். அதற்குத்தான் விலை. விற்பதற்கென்றே செய்தது குப்பை. சேகரிப்பாளன் முகமூடியின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் முதுகைத் திருப்பிப் பார்ப்பான். நெற்றி உரசிய இடம் வழவழப்பாக இருக்கிறதா, வேர்வை ஊறிக் கறுத்திருக்கிறதா, கயிறு அறுத்த தடம் இருக்கிறதா. அதாவது அவனுக்கு வேண்டியது அடுத்தவன் வேர்வை. மரம் கூட இரண்டாம்பட்சம். நம் வேர்வை பட்டால் குடம் தீட்டு, கிணறு தீட்டு, தேர்வடம் தீட்டு. காய்ந்துபோனால் மட்டும் காசு.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எங்கள் சேரியில் ‘சொல்தா தாத்தா’ என்று ஒருவர். என் தாத்தாவின் தம்பி, 80 வயது. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி ஆணை என்று புதுச்சேரி வரலாற்றில் ஒன்று உண்டு. சாதிச் சட்டத்தையும் மதச் சட்டத்தையும் துறந்தேன் என்று எழுதிக்கொடுத்து, ஒரு குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டால் பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். வெள்ளாளர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது சேரியிலிருந்து நிறையப் பேர் போய் எழுதிக்கொடுத்தார்கள். இழக்க என்ன இருந்தது? அந்த வழியாகப் பிறகு பட்டாளத்துக்கும் போனார்கள். சைகோன், அல்ஜீரியா. தாத்தா 1980களில் மூன்று வருஷம் நூமேயாவில், நியூ கலிடோனியாவின் தலைநகரில், பட்டாளத்துச் சமையல்கட்டில் இருந்தார். நம்மவர்களும் அந்தத் துப்பாக்கிக்குப் பின்னால் நின்றிருக்கிறார்கள் என்பதை ஒளித்துவிட்டு இந்தக் கட்டுரையை எழுத முடியாது. 1988 மே மாதம் ஊவேயா தீவில், குகைக்குள் இருந்த கனாக்கியர் 19 பேர் பட்டாளத்தின் தாக்குதலில் செத்தார்கள். தாத்தா அதற்கு முன்பே ஊர் திரும்பிவிட்டார். கேட்டால், “நான் கறிக்கொழம்பு வெச்சேன்டா. அவங்களும் கறுப்பு, நாமளும் கறுப்பு. மார்க்கெட்டுல ஒரு அம்மா என்னப் பாத்து நீ எந்தத் தீவுன்னு கேட்டா” என்பார்.

அவர் வீட்டுக் கூடத்தில், அம்பேத்கர் படத்துக்கு எதிர்ச்சுவரில், நூமேயாவிலிருந்து வாங்கி வந்த முகம் ஒன்று தொங்குகிறது. போன வருஷம் அதைக் கேள்விப்பட்டு ஒரு தரகர் வந்தார். நானும் இருந்தேன். கழற்றி, திருப்பி, முதுகைப் பார்த்தார். “இது ஆடாத சரக்கு முசியே. டூரிஸ்டுக்குன்னு பண்ணது. எறநூறு ரூவா பெறாது.” திரும்பவும் மாட்டிவிட்டார். அப்போது அவர் கண் பரணுக்குப் போயிற்று. அங்கே கூத்துப் பெட்டி. தாத்தாவின் அப்பா சேரிக் கூத்து ஜமாவில் வாத்தியார், துரியோதனன் கட்டுவார். கட்டைக்கூத்து என்று பெயர் வந்ததே இந்த மர அணிகளால்தான். கல்யாண முருங்கை மரத்தில், தலைக்குப் பாரமில்லாமல், கிரீடமும் புஜகீர்த்தியும் மார்ப்பதக்கமும் அவரே செதுக்கியது. தரகர் கிரீடத்தை வெளியே எடுத்தார். உள்பக்கம் விரலை விட்டுத் தடவினார். முகமே மாறிவிட்டது.

“வேர்வ பாருங்க முசியே, எப்பிடி எறங்கியிருக்கு! நாப்பதாயிரம் தர்றேன்.”

“எங்கப்பன் இதக் கட்டி விடிய விடிய ஆடுனா ரெண்டு மரக்கா நெல்லு” என்றார் தாத்தா. “தண்ணி கேட்டா ஊர்த்தெருவுல கையிலதான் ஊத்துவானுவ. அப்பல்லாம் இந்த வேர்வ நாறிச்சு, இப்ப மணக்குதா?”

தரகர் சிரித்தார். அறுபது என்றார். தாத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “சரி, ரசீது போடு” என்றார். “செஞ்சவரு பேரு, ஆடினவரு பேரு, எங்க சேரி பேரு, குடுத்த காசு, தேதி. நான் பென்ஷன் வாங்குற ஆளு, எனக்கு எதுவும் காகிதத்துல இருக்கணும்.”

“பேரெல்லாம் என்னாத்துக்கு முசியே? தென்னார்க்காடு, பழசுன்னு போட்டாப் போதும்.”

“பேரு போடு, எடுத்துக்க.”

தரகர் போடவில்லை. கிரீடத்தை மெல்லப் பெட்டியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அறுபதாயிரம் கொடுக்கத் தயாராக இருந்தவர் ஆறு சொல் எழுதத் தயாராக இல்லை. பேர் எழுதினால் கேள்வி வரும். யார் விற்றது, எவ்வளவுக்கு, 100 வருஷம் ஆனதா, அரசிடம் பதிந்ததா, எல்லை தாண்டினால் எப்படித் தாண்டியது. இந்த வியாபாரத்தின் முதல் நிபந்தனை செய்தவனுக்குப் பெயர் இருக்கக்கூடாது என்பது. பாரிஸ் ஏலப் பட்டியலில் பெயர்கள் இல்லாமல் இல்லை. எந்தக் கவிஞர் வைத்திருந்தார், எந்தத் தளபதி கொண்டுவந்தார், எந்த வியாபாரி விற்றார் என்று தலைமுறை தலைமுறையாக வம்சாவளி இருக்கும். வாங்கியவனுக்கு வம்சம், செதுக்கியவனுக்குத் தீவின் பெயர் மட்டும்.

‘நாங்கள் எடுக்காவிட்டால் கரையான் தின்றிருக்குமே’ என்பார்கள். கரையானும் அரித்திருக்கிறது, பொய்யில்லை. ஆனால் எந்த வீட்டுப் பொருளைக் கரையானிடமிருந்து காப்பாற்றுகிறார்கள் என்று பாருங்கள். தஞ்சைப் பக்கம் மெலட்டூரில் பாகவத மேளா நடக்கிறது. பார்ப்பன ஆண்கள் ஆடுவது. அங்கே ஒரு நரசிம்ம முகம் உண்டு. அதற்குப் பூசை, அணிபவருக்கு விரதம். அந்த முகத்தை யாராவது தரகர் முதுகு திருப்பிப் பார்க்கட்டுமே! அது சாமி. போத்தராசா மட்டும் ‘நாட்டுப்புறக் கலை’. 2013 ஏப்ரலில், அமெரிக்காவின் ஹோப்பிப் பழங்குடியினர் தங்கள் புனித முகங்களை விற்காதீர்கள் என்று பாரிஸ் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவை உயிருள்ளவை என்றார்கள். புனிதமாக இருக்கலாம், ஆனால் மனித உடல் இல்லையே என்றது நீதிமன்றம். அன்றைக்கே சுமார் 70 முகங்கள் ஏலம் போயின. டிசம்பரில் நடந்த அடுத்த ஏலத்தில் ஒரு அமெரிக்க அறக்கட்டளை 24 பொருட்களை விலைக்கு வாங்கித்தான் உரிய பழங்குடிகளுக்குத் திருப்பித் தர முடிந்தது. தன் சாமியைத் தானே ஏலத்தில் எடுக்க வேண்டிய நிலை.

அருங்காட்சியகத்தில் வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கும் நல்ல மனசுக்காரர்களும் நம்மிடையே உண்டு. எழும்பூர் அருங்காட்சியகத்தை 1885 முதல் 1908 வரை நடத்தியவர் எட்கர் தர்ஸ்டன். சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள், 1909இல். நம் முப்பாட்டன்களின் மூக்கு அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து எழுதியவர். அந்தத் தொகுதிகளில் மூக்குக்கு அளவு இருக்கிறது, மூக்குக்குச் சொந்தக்காரனின் பெயரைத் தேடிப் பாருங்கள். பெயரில்லாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் போவதும் பெயரில்லாமல் விடுதிச் சுவருக்குப் போவதும் எனக்கு ஒன்றுதான்.

நம் இயக்கங்களுக்குள் பறையைப் பற்றி நடந்த சண்டை தெரியும். இழிவின் சின்னம், கொளுத்து என்று ஒரு பக்கம். விடுதலையின் குரல், மேடையில் ஏற்று என்று ஒரு பக்கம். இரண்டிலும் நியாயம் இருந்தது. ஆனால் இரண்டு பக்கத்தாரும் ஒன்றில் ஒத்துப்போனார்கள். எரிப்பதா அடிப்பதா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் நாம். மலங்கானை எரிக்கிற உரிமையைத்தான் நியூ அயர்லாந்துக்காரனிடமிருந்து பறித்தார்கள். கூத்துக் கட்டையை விற்பவரை நான் திட்டமாட்டேன். பிள்ளைக்குப் பீஸ் கட்ட வேண்டிய நேரத்தில் பரணில் இருக்கும் முருங்கை மரம் சோறு போடுமா? எங்கள் வங்கியிலும் தங்கத்துக்குத்தான் கடன், கிரீடத்துக்கு இல்லை. விற்கட்டும், எரிக்கட்டும், ஆடட்டும். பெயரோடு.

விழுப்புரம், கடலூர், புதுச்சேரிப் பக்கத்து மாணவத் தோழர்கள் இந்தப் பங்குனி, சித்திரை விடுமுறையில் அவரவர் சேரியில் கூத்துப் பெட்டி எந்த வீட்டில் இருக்கிறது என்று விசாரியுங்கள். அளவுநாடா வேண்டாம், அந்த வேலையைத் தர்ஸ்டன் முடித்துவிட்டார். கிழவர்களிடம் கேட்டு, செதுக்கியவர் பெயர், கட்டி ஆடியவர் பெயர், எந்த வேஷம், எந்த ஊர்களில் ஆடினார்கள், கூலி என்ன, எந்த ஊரில் எதற்காக அடித்தார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். வீட்டுக்காரர் சம்மதித்தால் கட்டையின் உள்பக்கம், வேர்வைக்கறைக்குக் கீழே, அழியாத மையில் பெயர்களை எழுதுங்கள். அப்படி எழுதிய கிரீடத்துக்குத் தரகரிடம் விலை குறையும். குறையட்டும்.

தாத்தாவின் கிரீடத்தில் எழுதியாகிவிட்டது. பிரெஞ்சில் எழுது என்றார் அவர். நான் தமிழில் எழுதினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துப் பார்த்துவிட்டு, பேனாவை வாங்கி, அதற்குக் கீழே நடுங்குகிற கையால் பிரெஞ்சிலும் அவரே எழுதிக்கொண்டார்.